9 லிட்டர் மீன் தொட்டி, மறுபடியும் தப்பு பண்ணக்கூடாது. எந்த உயிரை வளர்க்கலாம்?

குட்டித்தொட்டி:
வணக்கம் நண்பர்களே. என்கிட்ட 30க்கு 20க்கு 20 செமீ கண்ணாடித் தொட்டி ஒண்ணு இருக்கு. கணக்குப் போட்டா 12 லிட்டர் வருது, ஆனா அடியில மண்ணு போட்டு மேல ரெண்டு விரல் இடம் விட்டா உள்ள நிக்கிற தண்ணி 9 லிட்டர் சொச்சம்தான். போன தடவை தொட்டி வாங்கின அன்னிக்கே தண்ணி ஊத்தி 3 கப்பியும் 2 நியான் டெட்ராவும் விட்டேன், "தாராளமா விடலாம்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. 4வது நாள் ஒண்ணு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருந்துச்சு, 10 நாள்ல தொட்டி காலி. தண்ணி அப்பவும் பளிங்கு மாதிரி தெளிவாத்தான் இருந்துச்சு, அதான் எனக்கு இன்னும் புரியல. என் பொண்ணுக்கு 6 வயசு, அதுக்கப்புறம் ஒரு வாரம் அந்தத் தொட்டிப் பக்கமே வரல.

இப்ப தொட்டியைக் கழுவிக் காய வெச்சிருக்கேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கு, லைட் இருக்கு, ஹீட்டர் இல்ல. ஒரே ஒரு கோல்ட்ஃபிஷ் விடலாமா, இல்ல ஒரு ஃபைட்டர் மீனா, இல்ல எல்லாரும் சொல்ற அந்தச் சின்ன இறாலா? அழகா இருக்கணும்ங்கறதைவிட உயிரோட இருக்கணும், அதுதான் முக்கியம்.

பாசிக்காடு:
முதல்ல ஒண்ணு சொல்றேன், உங்க மீன் செத்ததுக்கு மீன் காரணம் இல்ல, அவசரம்தான் காரணம், அந்த அவசரத்தை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லல. மீன் செவுள் வழியா அமோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும், மிச்சம் விழுற தீனி அழுகினாலும் அதே அமோனியாதான். அதுக்கு நிறம் கிடையாது, அந்த அளவுல வாசனையும் தெரியாது, அதனாலதான் தண்ணி பளிங்கா இருந்தும் உள்ள விஷமா இருந்திருக்கு. பழகின தொட்டியில ஸ்பாஞ்ச்லயும் மண்லயும் ஒட்டியிருக்கிற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், வேற ஒரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் ஓரளவுக்குத் தாங்கும், அதைத்தான் நாம வாராவாரம் தண்ணி மாத்தி வெளிய எடுக்கறோம். முதல் ரெண்டும் கொல்லும். இந்தப் பாக்டீரியா குடியேற 4லிருந்து 6 வாரம் ஆகும், புதுத் தொட்டியில அது இருக்காது.

100 லிட்டர்ல ஒரு தப்பு பண்ணா சரி பண்ண நேரம் இருக்கு. 9 லிட்டர்ல காலையில ஒரு சிட்டிகை தீனி அதிகமா விழுந்தா மறுநாள் டெஸ்ட் கிட்லயே தெரிஞ்சுடும். சூடும் அப்படித்தான், சின்னத் தொட்டி வேகமா சூடாகி வேகமா ஆறும். அதனால "எந்த மீன் சின்னது"ன்னு தேடாதீங்க, எது கம்மியா அழுக்குப் பண்ணும், எது கம்மியா நீந்தும், அதைப் பாருங்க.

அப்படிப் பார்த்தா கோல்ட்ஃபிஷ் அடியோட வேண்டாம். கிண்ணத்துல வெச்சே பார்த்துப் பழகிட்டதால அது சின்ன மீன்னு நினைக்கறோம், ஆனா ஒரு சாண் வளரக்கூடியது, நல்லா பார்த்துக்கிட்டா 10 வருஷத்துக்கு மேல இருக்கும், சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், கழிஞ்சுக்கிட்டே இருக்கும். கிண்ணத்துல அது வளராம நிக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, குறுகிப்போகுதுன்னு அர்த்தம்.

என் ஓட்டு செர்ரி இறாலுக்குத்தான். 2, 3 செமீ, அழுக்கு ரொம்பக் கம்மி, நல்ல தண்ணியில தானே பெருகும். சாதாரண அறைச் சூடு போதும், ஹீட்டர் தேடி அலைய வேண்டாம். ஆனா தொட்டி பழகி, பச்சையா கொஞ்சம் பாசி படிஞ்சப்புறம் விடுங்க, கண்ணுக்குத் தெரியாத அந்த வழவழப்புப் படலத்தைத்தான் நாள் பூரா மேயும்.

வால்நீளம்:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். குழந்தைக்காகன்னா ஃபைட்டர் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஈடு கிடையாது. இறால் அழகுதான், ஆனா குழந்தை கிட்ட வந்தா ஃபைட்டர் திரும்பிப் பார்க்கும், கண்ணாடி ஓரம் வரும், ஆளைப் பார்த்ததும் துள்ளும். என் தொட்டியில அனுபியாஸ் செடியோட இலை ஒண்ணு தண்ணி மட்டத்துக்கு ரெண்டு விரல் கீழ இருக்கு, ராத்திரி லைட் அணைச்சதும் என் ஃபைட்டர் அந்த இலை மேல ஒருக்களிச்சுப் படுத்துக்கும், வால் ரெண்டு பக்கமும் தொங்கும், அப்பப்ப மெதுவா மேல போய் ஒரு வாய் காத்து குடிச்சுட்டு திரும்ப அதே இலைக்கு வரும். முதல் தடவை பார்த்தப்ப செத்துடுச்சோன்னு பயந்துட்டேன்.

அது காத்துல இருந்து நேரா மூச்சு எடுக்கிற மீன், தலைக்குள்ள அதுக்குன்னே ஒரு உறுப்பு இருக்கு. இதை வெச்சுத்தான் "டம்ளர் தண்ணியிலயும் வாழும்"னு சொல்லி விக்கறாங்க, எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் அது. மூச்சு விட முடியும்ங்கறதுக்காக அமோனியா அதைச் சுடாம விடுமா? 9 லிட்டர் அதுக்குக் குறைஞ்சபட்சம்னு வெச்சுக்கங்க, அதுக்குக் கீழ வேண்டவே வேண்டாம். தண்ணி 25லிருந்து 28 டிகிரிக்குள்ள இருக்கணும், உங்க இடம் அதைவிடக் குளிர்ச்சின்னா ஹீட்டர் இல்லாம வாங்காதீங்க. ஃபில்டர் காத்தைக் குறைச்சு வைங்க, அந்த நீள வாலோட ஓட்டத்தை எதிர்த்து நீந்தினா களைச்சுப் போகும். மூடி கட்டாயம், குதிக்கும். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல காத்து இடம் விடுங்க. ரெண்டு ஆண் ஒண்ணாக் கூடவே கூடாது, ஆணும் பெண்ணும் சேர்த்து வெச்சாலும் இந்த அளவுத் தொட்டியில கிழிச்சுடும்.

குட்டித்தொட்டி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்ப இன்னும் குழம்பிட்டேன், ஃபைட்டரும் இறாலும் சேர்த்து விட்டா என்ன? அப்புறம் கண்ணாடியில பாசி பிடிச்சா சுத்தம் பண்ண அந்த டேங்க் கிளீனர் மீன் ஒண்ணு போட்டுக்கலாமா?

ஓட்டுவீடு:
டேங்க் கிளீனர்னு விக்கிற சக்கர் மீன் விரல் அளவுல வரும், அப்புறம் ஒரு அடியைத் தாண்டும். உங்க தொட்டியே ஒரு அடி நீளம்தான். அதோட அது சுத்தம் பண்றதைவிட கழியறது ஜாஸ்தி, நீளநீளமா நூல் மாதிரி தொங்கும், நீங்கதான் உறிஞ்சி எடுக்கணும்.

பாசிக்கு நெரைட் நத்தை ஒண்ணு போதும். கண்ணாடியில அது போன தடம் துடைச்ச மாதிரி தெரியும், உப்பில்லாத தண்ணியில குஞ்சு பொரிக்காது, அதனால பெருகிடுமோங்கற பயம் இல்ல. முட்டை மட்டும் எள்ளு மாதிரி வெள்ளையா அங்கங்க ஒட்டி வைக்கும், அது சுலபமா போகாது, கண்ணை உறுத்துதுன்னா முன்னாடியே யோசிச்சுக்கங்க. மிஸ்டரி நத்தை அழகுதான், ஆனா எலுமிச்சை அளவு வளரும், 9 லிட்டருக்கு அது ஒரு மீனுக்குச் சமமா அழுக்குப் பண்ணும். செடியோட ஒட்டிக்கிட்டு வர்ற சின்ன நத்தைங்களைப் பார்த்து எரிச்சல் படாதீங்க, அதுங்க திடீர்னு நூத்துக்கணக்குல பெருகினா நீங்க தீனி அதிகமா போடறீங்கன்னு அர்த்தம், தீனியைக் குறைச்சா தானா குறையும்.

ஃபைட்டரும் இறாலும் சேர்க்கறது அந்தந்த ஃபைட்டரோட குணத்தைப் பொறுத்தது. சிலது பெரிய இறாலைக் கண்டுக்காது, ஆனா குட்டி இறாலை ஒண்ணு விடாம தின்னும். ஒளிய இடம் இல்லாத சின்னத் தொட்டியில நான் சேர்க்க மாட்டேன்.

பாசிக்காடு:
சேர்க்காதீங்க, ஏதாவது ஒண்ணு. கப்பியும் திரும்ப வேண்டாம், பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்துட்டா விந்தை உடம்புலயே சேத்து வெச்சுக்கிட்டு மாசாமாசம் குட்டி போடும், ஆண் இல்லாட்டியும் போடும். நியான் கூட்டமா வாழுற மீன், ரெண்டு இருந்தா பயந்தே வாழும், கூட்டத்துக்கு 9 லிட்டர்ல இடம் இல்ல. சில்லி ரஸ்போரான்னு 2 செமீக்குள்ள ஒரு சிவப்பு மீன் இருக்கு, சிலர் இதுல விடலாம்பாங்க, ஆனா அதுக்கும் 8, 10 பேர் கூட்டம் வேணும், குறைஞ்சது 20 லிட்டர்னா மனசு ஒப்பும்.

தண்ணி பத்தி ஒண்ணு. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா ஒரு நாள் திறந்து வெச்சா போயிடும், குளோரமைன் இருந்தா அப்படிப் போகாது, அதுக்கு மருந்து ஊத்தித்தான் ஆகணும். குழாய்த் தண்ணியில நேரா ஸ்பாஞ்சைக் கழுவினா அத்தனை வாரம் வளர்த்த பாக்டீரியாவும் போச்சு, தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியில பிழிஞ்சாலே போதும். அப்புறம் ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, அதுல இருந்த உப்பு உள்ளேயே தங்கிடும், குறைஞ்ச அளவுக்குக் குழாய்த் தண்ணியவே ஊத்திக்கிட்டு இருந்தா மாசம் ஆக ஆக தண்ணி கடினமாகும், அதனால ஊத்தறது மட்டும் போதாது, வாரம் ஒண்ணரை ரெண்டு லிட்டர் எடுத்துட்டு மாத்தணும்.

இரவுவிளக்கு:
யாரும் சொல்லாத ஒண்ணு சொல்லணும். போன வருஷம் என் இறால் தொட்டியில 40க்கு மேல இருந்துச்சு. ஒரு சாயங்காலம் வீட்டுல பூச்சி மருந்து ஸ்ப்ரே அடிச்சாங்க, பக்கத்து அறையிலதான், நானும் பெருசா எடுத்துக்கல. ஏர் பம்ப் அந்தக் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ள விட்டிருக்கு. காலையில எழுந்து பார்த்தா சிலது மல்லாந்து கிடந்து காலை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, மத்தியானத்துக்குள்ள ஒண்ணு மிச்சம் இல்ல. நத்தைங்க மட்டும் தப்பிச்சுது. பூச்சியைக் கொல்ற மருந்து இறாலையும் கொல்லும், ரெண்டும் உடம்பு அமைப்புல சொந்தம். ஸ்ப்ரே, கொசு லிக்விட், செல்லப் பிராணிக்குப் போடற உண்ணி மருந்து தடவின கை, எதுவும் தொட்டிக் கிட்ட வரக்கூடாது. மீன் மருந்து வாங்கினாலும் காப்பர் இருக்கான்னு லேபிளைப் படிங்க, இறாலுக்கும் நத்தைக்கும் அது ஆகாது.

குட்டித்தொட்டி:
மூணு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். முதல் 6 வாரம் தொட்டியில வெறும் செடியும், ஜாவா பாசிங்கற கொத்துச் செடியும்தான், பாக்டீரியா வளர தினம் ஒரு துளி தீனி போட்டு டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன், அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் பூஜ்யம்னு ஒரு வாரம் தொடர்ந்து வந்தப்புறம்தான் 10 செர்ரி இறால் வாங்கினேன். பாசிக்காடு சொன்ன மாதிரி குளோரின் போன தண்ணி, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ரெண்டு மணி நேரம் பையில விட்டுப் பழக்கி விட்டேன்.

மூணாவது நாள் பொண்ணு கத்திக்கிட்டு ஓடி வந்தா, ஒண்ணு செத்துக் கிடக்குன்னு. பார்த்தா ஊடுருவித் தெரியற வெறும் தோடு, மீசை முதல் வால் வரைக்கும் அப்படியே உரிச்சுப் போட்டிருக்கு, அந்த இறால் பாசிக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. எடுத்துப் போட்டுடலாம்னு இருந்தேன், ரெண்டு நாள்ல அதுங்களே தின்னு முடிச்சிருச்சு. இப்ப ஒரு பெண் இறால் வயித்துக்கு அடியில மஞ்சளா கொத்துக் கொத்தா முட்டை வெச்சுக்கிட்டு, சின்னக் காலால ஓயாம விசிறிக்கிட்டே இருக்கு. பொண்ணு அது பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து எத்தனைன்னு எண்றா, 20க்கு மேல போனா குழப்பிக்கிறா. இதுக்கு நான் தனியா ஏதாவது பண்ணணுமா?

ஓட்டுவீடு:
தோட்டை விட்டு வெச்சது ரொம்ப நல்லது, சுண்ணாம்புச் சத்து அவங்களுக்கே திரும்பப் போச்சு. முட்டைக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம், அந்த விசிறல்தான் முட்டைக்குக் காத்து, நீங்க பிடிச்சு வேற டப்பாவுக்கு மாத்தினீங்கன்னா பயத்துல உதறிடும்.

பாசிக்காடு:
சூட்டைப் பொறுத்து 3லிருந்து 4 வாரத்துல பொரியும். புழு மாதிரி எதுவும் வராது, ஒரு ரெண்டு மில்லிமீட்டர்ல அம்மா மாதிரியே குட்டி இறாலா வரும், ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதுங்களை இழுக்காது. அதுவரைக்கும் ஒரேயடியா நிறைய தண்ணி மாத்தாதீங்க, ஒரு லிட்டர் போதும், புதுத் தண்ணி அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் மெதுவா ஊத்துங்க. ஜாவா பாசியை வெட்டாதீங்க, முதல் வாரம் குட்டிங்க அதுக்குள்ளயேதான் இருக்கும், டார்ச் அடிச்சாத்தான் பொண்ணுக்குக் காட்ட முடியும்.