மொட்டைமாடி தோட்டத்தால கீழ ரூம்ல தண்ணி சொட்டுது, அவசரம், என்ன கெமிக்கல் அடிக்கலாம்?

வாணி_3:
எல்லாருக்கும் வணக்கம், மாடில தோட்டம் போட்டு எட்டு மாசம் ஆச்சு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாளா மழை, இன்னிக்கு காலைல எந்திரிச்சு பாத்தா கீழ பெட்ரூம் சீலிங்ல பெரிய தட்டு அளவுக்கு ஓதம், ஃபேன் ராடு வழியா சொட்டு சொட்டா தண்ணி வேற வருது. எந்த வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் நல்லாருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, வீட்டுக்காரர் வெளியூர்ல இருந்து வர்றதுக்குள்ள சரி பண்ணணும்.

செங்கல்சூளை:
மொதல்ல அந்த ரூம் எம்சிபிய, அதான் கரண்ட் போர்டுல இருக்குற பிரேக்கர் சுவிட்ச, ஆஃப் பண்ணிட்டீங்களாம்மா? கெமிக்கல் எல்லாம் அப்புறம். காங்கிரீட்டுக்குள்ள ஓடுற வயர் பைப்புல தண்ணி இறங்கித்தான் ராடு வழியா வெளிய வருது. சுவிட்ச நிறுத்துனா பத்தாது, போர்டுல மெயின எறக்குங்க.

கீரைப்பாத்தி:
தொட்டியா, க்ரோ பேக்கா, இல்ல தளத்து மேலயே மண்ண கொட்டியிருக்கீங்களா? மழைத்தண்ணி போற குழாய் எந்தப் பக்கம்? கட்டடத்துக்கு எத்தன வயசு? ஒண்ணுமே சொல்லாம கெமிக்கல் பேர் கேட்டா எப்படி.

வேர்முண்டு:
நூத்துக்கு நூறு வேர்தாங்க. எங்க மாடில ஒரு ஆலங்கன்னு தானா முளைச்சு கைப்பிடிச் சுவரையே பொளந்துடுச்சு. செடிய எல்லாம் பிடுங்கிப் பாருங்க.

குளிர்காத்து:
ஏசி ஓடுற ரூமா? அப்ப கண்டென்ஸேஷனா இருக்கும், அதாவது காத்துல இருக்குற ஈரம் குளிர்ந்து தண்ணியா படியறது. ஓதத்து மேல ஒரு அலுமினிய ஃபாயில நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. ரூம் பக்கம் ஈரமானா காத்துல இருக்குற ஈரம், ஃபாயிலுக்குப் பின்னால ஈரமானா சீலிங்ல இருந்து வர்ற தண்ணி.

செங்கல்சூளை:
ராடுல சொட்டுதுங்கறாங்க, இதுல என்னய்யா கண்டென்ஸேஷன்.

மூத்த_மேஸ்திரி:
இதே கேள்வி இங்க மாசத்துக்கு மூணு வருது. தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. வீடியோ பாத்து மாடில விவசாயம் பண்ணக் கிளம்புனா இப்படித்தான். வாட்டம் எத்தனைனு கேட்டா முழிப்பாங்க. 100 செமீக்கு 1 செமீயாவது குழாய் பக்கம் சரிஞ்சிருக்கணும், இது அடிப்படை.

வாணி_3:
சாரி, அவசரத்துல எழுதிட்டேன். மெயின் ஆஃப் பண்ணியாச்சு. தொட்டி இல்ல, தளத்து மேல நீல தார்ப்பாய் விரிச்சு செங்கல் அடுக்கி பாத்தி மாதிரி கட்டி மண்ணு, கைப்பிடிச் சுவர ஒட்டியே ரெண்டு பக்கம், ஒரு முழம் உயரம் இருக்கும். தக்காளி, கீரை, ரெண்டு முருங்கை. வாட்டர்ப்ரூஃப் வீடு கட்டும்போதே பண்ணதுனு சொன்னாங்க. வாட்டம்னா என்ன?

கீரைப்பாத்தி:
ஒரு முழமா!!

செங்கல்சூளை:
வாணி, நிதானமா படிங்க. வாட்டம்னா தண்ணி குழாய் பக்கம் ஓடறதுக்காக தளத்துல விடுற சரிவு. ஒரு முழம்னா 45 செமீ. நல்லா ஊறுன மண்ணு ஒரு கன மீட்டர் 1,800 கிலோ கிட்ட வரும், அப்ப சதுர மீட்டருக்கு 800 கிலோ உங்க தளத்து மேல உக்காந்திருக்கு. ஆளு நடமாடுற மாடிக்கு சாதாரணமா 150ல இருந்து 200 கிலோவத்தான் கணக்குல வச்சு கம்பி கட்டுவாங்க. கசிவ விட இதுதான் பயம். சீலிங்ல புதுசா விரிசல், பூச்சு உப்பி நிக்கிறது ஏதாவது இருக்கா பாருங்க, அந்த ரூம்ல யாரும் படுக்க வேண்டாம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூப்பிடுங்க.

அடுத்தது, வாட்டர்ப்ரூஃப் சுவர்ல கொஞ்ச உயரம் வரைக்கும்தான் ஏத்தியிருப்பாங்க. மண்ணு மட்டத்துக்கு மேல ஒரு 15 செமீயாவது அது நிக்கணும். நீங்க சுவரோட சேத்து ஒரு முழம் மண்ண அணைச்சிருக்கீங்க, அதுக்கு மேல ஈரம் பூச்சுல ஊறி, சுவரும் தளமும் சேர்ற மூலை வழியா உள்ள இறங்கும். ஓதம் தெரியிற எடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நெனச்சு கொத்தாதீங்க, தண்ணி உள்ளுக்குள்ள எங்கயோ நடந்து எங்கயோ சொட்டும்.

மாடிப்பச்சை:
இப்படி பயமுறுத்துனா யாரு செடி வைப்பா? டொரண்டோல 2009லயே பெரிய புதுக் கட்டடத்துக்கெல்லாம் பச்சைக் கூரை, அதான் மேல செடி வளர்க்குற கூரை, போடணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. வெயிலும் குறையும், மழைத்தண்ணியும் சாக்கடைக்கு மெதுவா போகும். நாமதான் இன்னும் தொட்டியா மண்ணானு பேசிட்டு இருக்கோம்.

செங்கல்சூளை:
அங்க கட்டும்போதே அந்த எடைய சேத்து கட்றாங்க சார். போடறதும் தோட்டத்து மண்ணு இல்ல, துளை துளையா இருக்குற லேசான கல்லுத் தூள் கலவை, பல எடத்துல 10 செமீ ஆழம்தான், அதுல சீடம் மாதிரி தண்ணி அதிகம் கேக்காத செடி. அடியில வேர்த்தடுப்பு ஷீட், தண்ணி வடியிற அடுக்கு, மண்ண தடுக்குற துணி. நீலத் தார்ப்பாய் இதுல எதுவும் கிடையாது.

மாடிப்பச்சை:
சுவர் ஓரமா வச்சா எடை சுவருக்குப் போயிடும். எங்க மாடில ஆறு வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகல.

மூத்த_மேஸ்திரி:
ஆறு வருஷம் ஆகலங்கறது ஒரு கணக்கா? ஓரத்துல வச்சா தளம் வளையறது குறையும்ங்கறது சரி. அதுக்காக 800 கிலோ வைக்கிறதா? எல்லாரும் இன்ஜினியர் ஆயிட்டீங்க.

வேர்முண்டு:
முருங்கைனு சொல்லிருக்காங்க பாருங்க. நான் சொன்னேன்ல, வேர்.

கீரைப்பாத்தி:
எட்டு மாச முருங்கை நல்ல காங்கிரீட்ட துளைக்காதுங்க, ஏற்கனவே விரிசல் இருந்தா அதுல பூந்து பெருசாக்கும். தார் ஷீட் போட்ட மாடியா இருந்தா வேற கதை, அதுல வேர் ஈசியா இறங்கிடும். வாணி, நீங்க மழைக்குழாய் வாய பாத்தீங்களா? பாத்தி அத மூடியிருக்கா? யாராவது தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணச் சொன்னா மண்ணு இருக்குற வரைக்கும் செய்யாதீங்க, 10 செமீ தண்ணி நின்னாலே சதுர மீட்டருக்கு இன்னொரு 100 கிலோ ஏறும்.

குளிர்காத்து:
ஃபாயில் ஒட்டுனீங்களா?

(நாலு நாள் கழிச்சு)

வாணி_3:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மழைக்குழாய் வாய் பாத்திக்கு அடியிலதான் இருந்துச்சு, தார்ப்பாய் அது மேல மடிஞ்சு கெடந்துச்சு, உள்ள கையளவுக்கு கோகோபீட்டு, நார், அழுகுன இலை, எடுத்ததும் களக்குனு ஒரு சத்தம், பத்து நிமிஷம் தண்ணி போயிட்டே இருந்துச்சு. ராடு சொட்டறது நின்னுடுச்சு, ஓதம் அப்படியேதான் இருக்கு. 60 மூட்டை மண்ணு அள்ளியாச்சு, இன்னும் பாதி இருக்கு. இன்ஜினியர் சனிக்கிழமை வர்றார். வீட்டுக்காரர் நேத்தே வந்துட்டார், அதப் பத்தி கேக்காதீங்க.

மூத்த_மேஸ்திரி:
குழாய் வாயத்தான் மொதல்ல பாக்கணும்னு நான் அன்னிக்கே சொன்னேன்.

செங்கல்சூளை:
எங்க சொன்னீங்க?

கீரைப்பாத்தி:
வாணி, அள்ளுன 60 மூட்டையும் கீழ இறக்கியாச்சா? மாடி நடுவுல அடுக்கி வைக்கலயே?