இன்ஸ்டோல் பண்ண முன்னம் யாரைக் கேட்டீர்கள்? கொழும்பில் பிபிஎம் நிறுவியவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து, காப்புறுதித் துறை

எங்கள் கந்தோர் கொள்ளுப்பிட்டியில். வாகன விபத்து நட்டஈட்டுக் கோரிக்கைகளைக் காகிதத்திலிருந்து மென்பொருளுக்கு மாற்றுவதற்காக ஐபிஎம்மின் பிபிஎம் 8.5, அதாவது ஒரு வேலையைப் படிப்படியாக ஆள்விட்டு ஆள் நகர்த்துகிற மென்பொருள், வாங்கினார்கள். (2018இல் அதன் பெயர் பிசினஸ் ஒட்டோமேஷன் வேர்க்ஃப்ளோ என்று மாறியது. நான் சொல்வது அதற்கு முந்திய கதை.)

திட்டமிடல் கூட்டங்களில் மூன்று கிழமையாகச் சேர்வரைப் பற்றித்தான் கதைத்தோம். ஒரு கிளஸ்டர் (சேர்ந்து ஒன்றாக இயங்கும் சேர்வர் கூட்டம்) போதுமா, மூன்று வேண்டுமா? செயன்முறைகளை வரைந்து சேமிக்கிற ப்ரொசெஸ் சென்டர் எந்த மெஷினில், அவற்றை ஓட்டுகிற ப்ரொசெஸ் சேர்வர் எதில்? எல்லாம் தேவையான பேச்சுத்தான். பிறகு ஒருநாள் என்னிடம், "யார் யாருக்கு லொகின், எந்தக் குழுவுக்கு எந்த வேலை என்று ஒரு பட்டியல் தாங்கோ மிஸ்" என்றார்கள். பதவி வரைபடத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் அரைமணி நேர வேலை. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒரேயொரு கோரிக்கைக் கோப்பின் பின்னால் இரண்டு நாள் நடந்தேன்.

வரைபடத்தில் கவுன்டருக்கு அடுத்தது மதிப்பீட்டு அதிகாரி. ஆனால் கோப்பு நேரே அவரிடம் போகவில்லை. இடையில் எங்கள் பியோன் ஐயாவின் மேசையில் நின்றது. அவர் ஒவ்வொன்றையும் திறந்து, அடையாள அட்டைப் பிரதி இருக்கிறதா, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வாசிக்கக்கூடியதா, சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தார். குறை இருந்தால் கவுன்டருக்குத் திருப்பி அனுப்பினார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. "அரைகுறையா மேல போனா அந்தச் சனத்துக்குத்தானே மகள் காசு பிந்தும்" என்றார். இருபது வருசத்துக்கு மேலாக அவர் அதைச் செய்துவந்திருக்கிறார். எங்கள் திட்டத்தில் அவருக்கு லொகின்கூட இல்லை.

அப்படியே நிறுவியிருந்தால் என்ன நடந்திருக்கும்? குறையுள்ள கோரிக்கைகள் எல்லாம் நேரே மதிப்பீட்டு அதிகாரியின் திரையில் குவிந்திருக்கும். மென்பொருள் சரியில்லை என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் இடங்களில் இப்படித் திட்டத்துக்குள் வராமல் போனது எது? எழுதுங்கோ.

கோட்டையிலிருந்து, வங்கியொன்றில் டேட்டாபேஸ் பொறுப்பு

தங்கச்சி, உங்கட பியோன் ஐயா மாதிரித்தான் எங்கட நிலைமையும். டேட்டாபேஸ்காரரை ஒருத்தரும் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடுறேல்லை. இன்ஸ்டோலுக்கு முதல்நாள் பின்னேரம் வந்து "அண்ணை, மூன்று டேட்டாபேஸ் வேணும்" எண்டு கேட்பினம்.

நீங்கள் சொன்ன அதே 8.5க்கு பொதுத் தரவுக்கு ஒண்டு, செயன்முறைக்கு ஒண்டு, செயற்றிறன் கணக்குக்கு ஒண்டு எண்டு பிரியும். டேட்டாபேஸ் மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வர் எண்டால் கடைசி இரண்டும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கக்கூடாது. பொது டேட்டாபேஸ் அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேணும். மூண்டையும் ஒரே மாதிரி உருவாக்கிப்போட்டுப் பிறகு பிழை தேடினால் நாள் போகும். டிபி2 எண்டால் டேட்டாபேஸ் பெயர் எட்டு எழுத்துக்கு மேல போகாது, பக்க அளவு 32கே இருக்க வேணும். ஒரக்கிள் எண்டால் எக்ஸ்ஏ பரிவர்த்தனைகளை (ஒண்டுக்கு மேற்பட்ட டேட்டாபேஸில சேர்ந்து நடக்கிறவை) மீட்கிறதுக்குத் தனி அனுமதிகள் கொடுக்க வேணும். எங்கட வங்கியில அப்படியொரு அனுமதிக்கு பாதுகாப்புப் பிரிவு கையெழுத்து வைக்க ரெண்டு கிழமை எடுக்கும். அவை கவனமா இருக்கிறது நியாயம்தான். அதாலதான் நான் சொல்லுறது: கொன்ஃபிகரேஷன் கோப்பை எழுதி முடிச்ச உடனேயே அதிலயிருந்து வாற ஸ்கிரிப்டுகளை எங்களுக்கு அனுப்புங்கோ. நாங்கள் வரிவரியா வாசிச்சுப்போட்டு ஓட்டுறம்.

மற்றது, தமிழ்ப் பெயர். இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விசயம். விண்ணப்பப் படிவத்தில வாடிக்கையாளர் தன்ர பெயரைத் தமிழில எழுதலாம் எண்டு முடிவெடுத்திச்சினம், நல்ல முடிவு. ஆனா பெயருக்கு ஒதுக்கின இடம் 40. ஒரக்கிள் அதை இயல்பா பைட் (கம்ப்யூட்டர் சேமிக்கிற அலகு) கணக்கிலதான் எடுக்கும், எழுத்துக் கணக்கில இல்லை. கிருஷ்ணமூர்த்தி எண்ட பெயரை எடுங்கோ. எங்கட கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணினால் 15. யூடிஎஃப்-8 எண்ட சேமிப்பு முறையில ஒவ்வொண்டுக்கும் மூன்று பைட், மொத்தம் 45. முதல் பெயரே உள்ள போகாது, பிறகு தகப்பன் பெயருக்கு எங்க போறது? சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதிச்சதால ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான் என்ர அம்மாவின்ர முழுப்பெயரைப் போட்டுப் பார்த்த நேரம் பிழை வந்தது. அதுக்குப் பிறகு எல்லாப் பெயர்ப் புலங்களையும் எழுத்துக் கணக்குக்கு மாத்தி, நீளத்தையும் கூட்டினம். இது நிறுவ முன்னம் பத்து நிமிச வேலை. தரவு ஏறின பிறகு எண்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

தெமட்டகொடையிலிருந்து, சேர்வர் மற்றும் நெட்வேர்க்

அஸ்ஸலாமு அலைக்கும். என்னுடையது சின்ன அனுபவம்தான்.

2022 மார்ச் கடைசி, நோன்பு தொடங்க இன்னும் சில நாள். 13 மணித்தியாலக் கறண்ட் கட் அறிவித்த நேரம் அது. ஜெனரேட்டருக்கு டீசல் எடுக்க ஆள் போய் வரிசையில் நிற்கிறார், நாங்கள் பிபிஎம்முக்கு இரண்டாவது மெஷினைச் சேர்க்க நிற்கிறோம். சேரவில்லை. பாஸ்வேர்டைப் பார்த்தோம், ஃபயர்வோலைப் பார்த்தோம், பெயரைப் பார்த்தோம். எல்லாம் சரி. கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்தோம். பழைய மெஷின், உள்ளே பற்றரி செத்திருக்கிறது. கறண்ட் போய்ப் போய் வந்ததில் நேரம் பின்னுக்குப் போய்விட்டது. பிபிஎம் ஓடுகிற அடித்தள மென்பொருளான வெப்ஸ்பியரில் தலைமை மெஷினுக்கும் சேருகிற மெஷினுக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேர்க்காது. மெஷின்களின் நேரத்தை ஒன்றாக்கும் என்டிபியைச் சரிசெய்ததும் ஒரே தடவையில் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த வருசம் இன்னொன்றும் நடந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நின்ற டொலர், மே மாதம் 350ஐத் தாண்டியது. லைசன்ஸ் விலை டொலரில். மேலிடம் உடனே கைவைத்தது சோதனைச் சூழலில். "நேரே புரொடக்ஷனில் போடுங்கள்" என்றார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று எங்கள் தலைவர் எழுத்தில் கொடுத்தார். பதிலுக்கு மூன்று கிளஸ்டர் திட்டத்தை ஒன்றாகக் குறைத்தோம். ஆட்கள் கூடினால் பிறகு விரிப்பது கஷ்டம் என்று தெரிந்துதான் குறைத்தோம். எனக்கு இன்றைக்கும் அது சரியான முடிவாகத்தான் தெரிகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மென்பொருள் எழுதுபவர்

அண்ணை சொன்ன பெயர்க் கணக்கை வாசித்ததும் எங்கள் புலங்களைத் திறந்து பார்த்தேன். எங்களிடம் போஸ்ட்கிரெஸ், அது எழுத்துக் கணக்கில்தான் எண்ணும். தப்பித்தோம்.

எங்களைப் பிடித்தது நாட்காட்டி. நாங்கள் கமுண்டா 7 என்ற இன்னொரு பிபிஎம் மென்பொருளில் கடன் விண்ணப்பச் செயன்முறையைக் கட்டினோம். மூன்று நாளில் முகாமையாளர் முடிவெடுக்காவிட்டால் அவருக்கு மேலே உள்ளவருக்குப் போகும் என்று ஒரு டைமர். செயன்முறையை வரைகிற பிபிஎம்என் வரைபடத்தில் மூன்று நாள் என்று போட்டால் அது வெறும் மூன்று நாள்தான். சனி, ஞாயிறு தெரியாது, போயா தெரியாது. எங்களுக்கோ ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. வெசாக்குக்கு அடுத்த நாளும் விடுமுறை. அரச, வங்கி, வர்த்தக விடுமுறைகள் என்று மூன்று வகை வேறு. வங்கிக்கு விடுமுறையான நாளில் தனியார் கந்தோர் திறந்திருக்கலாம். சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது, ஏனென்றால் நாங்கள் சோதித்த கிழமையில் போயா இல்லை. வெசாக் வந்தபோது மேலதிகாரியின் பெட்டியில் விண்ணப்பங்கள் போய் விழுந்துகிடந்தன. சம்பந்தப்பட்ட முகாமையாளர் மிகவும் நேர்மையான மனிதர். ஒரு நாளும் வேலையைப் பிந்தவிடாதவரின் பெயர் தாமதப் பட்டியலில் ஏறியதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு விடுமுறைகளுக்கு ஒரு தனி அட்டவணை வைத்து, வருசாவருசம் வர்த்தமானியைப் பார்த்து அதை நிரப்புவதை நிர்வாகப் பிரிவில் ஒருவரின் பொறுப்பாக்கினோம்.

நேர வலயத்தையும் சேர்த்துப் பாருங்கள். சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் அதன் நள்ளிரவு எங்களுக்குக் காலை 5.30.

இன்னொரு கேள்வியும் எங்களைத் தடுத்தது. 7.20 பதிப்பிலிருந்து, முடிந்த செயன்முறைகளின் வரலாற்றை எத்தனை நாள் வைத்திருப்பது என்று சொல்லாவிட்டால் கமுண்டா அந்த வரைபடத்தை ஏற்றுக்கொள்ளவே மறுக்கும். நாங்கள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போகப் பார்த்தோம். கூட இருந்த அக்கா ஒருவர்தான், "அதில் சனத்தின் சம்பள விபரம் இருக்கு, சட்டப் பிரிவைக் கேள்" என்றார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, தேவைக்கு மேல் தரவை வைத்திருப்பது நாங்கள் நினைத்தபடி செய்கிற காரியமல்ல. சட்டப் பிரிவு, கணக்காய்வுப் பிரிவு, கடன் பிரிவு என்று மூன்று பேரும் முதன்முதலாக ஒரே மேசையில் இருந்தது அந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

புதிதாகத் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு சொல்: கமுண்டா 7இன் இலவசப் பதிப்பு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி அதில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. தம்பி, அந்த விடுமுறை அட்டவணையை எங்களிடமும் இன்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது, ஆனால் யார் நிரப்புவது என்று எங்கும் எழுதவில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

பியோன் ஐயாவைப் பற்றிக் கேட்டு சிலர் தனியாக எழுதியிருந்தீர்கள். கவுன்டருக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில் ஆவணச் சரிபார்ப்பு என்று ஒரு படியைச் சேர்த்து, அதற்கு ஒரு குழுவும் உருவாக்கினோம். திரையைத் தமிழிலும் சிங்களத்திலும் செய்தோம். என்னென்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியலை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன், 14 விடயங்கள் வந்தன. அதில் ஆறு எங்கள் கையேட்டிலேயே இல்லை. அவர் ஓய்வுபெற முன்னர் இரண்டு பிள்ளைகளை அந்தப் படியில் பழக்கிவிட்டுப் போனார். குழுவின் முதல் லொகின் அவருடைய பெயரில்தான் திறந்தோம்.