அது பத்திக் இல்லை, அச்சு!

தெஹிவளை மெழுகு:
நேற்று வெள்ளவத்தை ரசிகன் கலைஞர் யிங்கா ஷோனிபரேயைப் பற்றி இங்கே எழுதியிருந்தார். "ஆபிரிக்காவின் பாரம்பரியப் பத்திக்கை நவீனக் கலைக்குள் கொண்டுவந்தவர்" என்று. வாசித்ததும் எரிச்சலாக இருந்தது. லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்தவர், துணி, சிற்பம், புகைப்படம், திரைப்படம் என்று எல்லாவற்றையும் சேர்த்து வேலை செய்கிறவர். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் பயன்படுத்தும் அந்தக் கோலத் துணி பத்திக் இல்லை. பத்திக் என்றால் மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்ப்பது. இந்தோனேசியாவில் இருக்கும் யாவாவின் பத்திக்கைப் பார்த்து ஒல்லாந்தர் இயந்திரத்தில் அச்சடித்து மேற்கு ஆபிரிக்காவில் விற்றது. ஒல்லாந்தின் ஹெல்மொண்டில் இருக்கும் விலிஸ்கோ என்ற நிறுவனம் 1846 இலிருந்து துணி அடிக்கிறது. ஷோனிபரே அப்படிப்பட்ட துணியை வாங்கியது லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில். 22 வருடமாக மெழுகுச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவள் சொல்கிறேன், அது அச்சு.

வெள்ளவத்தை ரசிகன்:
அக்கா, நான் எழுதியதில் பத்து வரி அவருடைய கப்பலைப் பற்றி. 2010 இல் லண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் போத்தலுக்குள் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பலின் மாதிரியை வைத்தார். 37 பாய்கள், எல்லாம் அந்தத் துணியின் கோலங்கள். பேரரசைக் கட்டிய கப்பலுக்கு, பேரரசுகளின் வியாபாரத்தில் பிறந்த துணியைப் பாயாக விரித்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை உங்களிடம். பத்திக் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள். அவரே பேட்டிகளில் பத்திக் என்றுதான் சொல்கிறார்.

தெஹிவளை மெழுகு:
அவர் சொன்னால் ஆகிவிடுமா? அவருடைய படைப்புகளுக்குப் பக்கத்தில் எழுதி வைப்பது "ஒல்லாந்த மெழுகு அச்சுப் பருத்தி". அச்சு என்று அங்கேயே இருக்கிறது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எது பத்திக் என்று முதலில் சொல்லுங்கள் அக்கா. போன முறை "துணியைத் திருப்பிப் பார், இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால் பத்திக்" என்றீர்கள். அந்த ஒல்லாந்துத் துணியிலும் மெழுகுக்குப் பதிலாகப் பிசினை இரண்டு பக்கமும் அச்சடித்துத்தான் சாயத்தில் தோய்க்கிறார்கள். பின்பக்கமும் அதே நிறம். உங்கள் சோதனையில் அது தேறிவிடுகிறது.

தெஹிவளை மெழுகு:
கை எங்கே தம்பி? உருளை அடித்த பிசினும் நான் தூரிகையால் இழுத்த மெழுகும் ஒன்றா? ஒரு சேலைக்கு முதலில் வெளிர் நிறம், அதை மெழுகால் மூடி அடுத்த நிறம், மறுபடி மெழுகு, கடைசியில் கருநிறம். பிறகு கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். கையெல்லாம் வெந்த தழும்பு. போன வருடம் புறக்கோட்டையில் ஒரு கடை என்னுடைய தாமரைக் கோலத்தை, மெழுகு வெடித்த கோடுகளோடு சேர்த்து, அப்படியே அச்சடித்து "கைப் பத்திக்" என்று கால் விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் என்னிடம் வந்து "ஏன் உங்களிடம் இவ்வளவு விலை?" என்று கேட்டார்கள். என்னோடு வேலை செய்த மூன்று பெண்களில் இரண்டு பேர் இப்போது தையல் ஆலையில். உங்களுக்கு அது ஒரு சொல். எனக்கு அது அரிசி.

பம்பலப்பிட்டிக்காரர்:
நம்முடைய பத்திக் மட்டும் என்ன, மகாவலி ஆற்றில் மிதந்து வந்ததா? அதுவும் ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். 1960 களில் நம்முடைய கலைஞர் எனா டி சில்வா கையில் எடுத்த பிறகுதான் அதற்கு ஒரு மரியாதை வந்தது. பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் பாவா கட்டிய ஹோட்டலின் கூரையில் எனாவின் பத்திக்கைப் போய்ப் பாருங்கள். யாவாக்காரர் வந்து "இது எங்களுடையது" என்றால் என்ன சொல்வீர்கள்? 2009 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இந்தோனேசியப் பத்திக்.

தெஹிவளை மெழுகு:
வந்த வழியை நான் கேட்கவில்லை. எனா அம்மையார் மெழுகால் செய்தார். அச்சடிக்கவில்லை.

வெள்ளவத்தை ரசிகன்:
இவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் பனையோலைக் கடகத்தைப் "பின்னுகிறார்கள்" என்று எழுதினேன். "இழைக்கிறார்கள்" என்று நாற்பது பேருக்கு முன்னால் திருத்தினார். அன்றைக்கும் நான் எழுதிய விஷயத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.

பம்பலப்பிட்டிக்காரர்:
அதில் அக்கா சொன்னது சரி. பெட்டி, பாய் எல்லாம் இழைப்பது. தென்னோலைக் கிடுகுதான் பின்னுவது.

வெள்ளவத்தை ரசிகன்:
எங்கள் அம்மம்மா பருத்தித்துறையில் ஐம்பது வருடம் பெட்டி செய்தவர். அவர் பின்னுவது என்றுதான் சொல்வார். உங்களிடம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
காற்றில் பறக்கும் துணி போலத் தெரியும் ஷோனிபரேயின் காற்றுச் சிற்பங்களில் துணியே இல்லை. கண்ணாடியிழையின் மேல் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கைதான் கணக்கு என்றால் அதை என்னவென்று சொல்வது அக்கா?

தெஹிவளை மெழுகு:
தீட்டியது தீட்டியதுதான். பத்திக் என்று எழுதினால் அங்கேயும் வந்து சொல்வேன்.

பம்பலப்பிட்டிக்காரர்:
பருத்தித்துறையில் பின்னுவது என்று யார் சொல்கிறார்கள்? என் மனைவியின் ஊர் அது.

வெள்ளவத்தை ரசிகன்:
எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லுங்கள், கதைப்போம்.

தெஹிவளை மெழுகு:
ரசிகன், நேற்று எழுதியதில் அந்தச் சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்றுங்கள்.