குடும்பக் குழு: கல்லுறங்கிச் செடி

நிலா: அனைவருக்கும் வணக்கம். என் கதையில் வரும் வடந்தைநாட்டின் மேற்குப் பீடபூமியில், மழை எப்போதாவது மட்டுமே பெய்யும் பாறைவெளியில், கல்லுறங்கி என்ற செடி இயற்கையாகவே வளர்கிறது. வறட்சியில் சருகாகச் சுருண்டு கிடக்கும் அது, மழை பெய்த மறுநாளே பச்சை பிடித்துவிடும். படிப்பவர்கள் இதை மந்திரம் என்று ஒதுக்காமல் நம்ப வேண்டும். சுதா அத்தை, இப்படி ஒரு செடி இருக்க முடியுமா?

சுதா அத்தை: தாராளமாக இருக்க முடியும், நிலா. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பரவியுள்ள சிவாவா பாலைவனத்தில் வளரும் செலாஜினெல்லா லெபிடோஃபில்லா, உடலின் ஈரத்தைப் பெரும்பாலும் இழந்து பழுப்பு நிறப் பந்தாகக் கிடந்தாலும், நீர் பட்டால் சில மணி நேரத்தில் விரிந்துவிடும். இத்தகைய செடிகள் உலரும்போது செல்களுக்குள் சேரும் சர்க்கரைகள் கண்ணாடியைப் போல இறுகி, சவ்வுகளும் புரதங்களும் சிதையாமல் காக்கின்றன. உன் செடியும் உட்புறமாகவே சுருளட்டும். வெளித்தண்டுகள் வெயிலை வாங்கிக்கொள்ள, நடுவிலுள்ள இளந்தண்டுகள் பிழைக்கும்.

அண்ணன்: இவ்வளவு வறட்சியைத் தாங்கும் செடி ஆற்றங்கரையில் இன்னும் செழிக்க வேண்டுமே? நிலப்படத்தில் பீடபூமியில் மட்டும் குறிக்கச் சொல்கிறாயே, நிலா.

பெரியப்பா: அங்கே அதற்கு இடம் கிடைக்காது, தம்பி. நெருக்கடியைத் தாங்குவதில் தேர்ந்த செடி, போட்டி போட்டு வளர்வதில் பின்தங்கும் என்று சூழலியலாளர் பிலிப் கிரைம் 1977இல் விளக்கியிருக்கிறார். ஆற்றங்கரையில் புல்லும் புதரும் விரைந்து வளர்ந்து கல்லுறங்கியை நிழலில் மூடிவிடும். பாறைவெளியில் போட்டியில்லை என்பதால்தான் அது அங்கே நிலைத்திருக்கிறது. ஆனால் வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும் என்பதால், வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய இடம் மீண்டும் பசுமையாக ஒரு தலைமுறை ஆகும் என்று கதையில் சொல்லலாம்.

நிலா: அது மிகவும் பொருந்துகிறது, பெரியப்பா. ஆனால் அது பூக்க வேண்டும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுதா அத்தை: விட்டுக்கொடுக்கவே வேண்டாம். செலாஜினெல்லா பூக்காதுதான், ஆனால் தென்னாப்பிரிக்கப் பகுதிப் பாறைகளில் வளரும் மைரோதம்னஸ் ஃபிளாபெல்லிஃபோலியா பூக்கும் புதர். அதுவும் காய்ந்து மீண்டும் தளிர்க்கும். அதன் மணமுள்ள இலைகளை அங்குள்ள மக்கள் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி, மகரந்தம் காற்றில் பரவுகிறது. உன் கதைக்கு இதுவே நல்ல கரு என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலா: அப்படியானால் வணிகர்கள் பெண் செடியின் இலைக்கே மணம் அதிகம் என்று அவற்றை மட்டும் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிச் செல்லட்டும். எஞ்சிய ஆண் செடிகள் ஒவ்வொரு மழைக்கும் பச்சை பிடிப்பதால், விதை விழுவது நின்றுவிட்டதை ஊரார் நெடுநாள் உணரவே மாட்டார்கள்.

பெரியப்பா: எத்தனை வலிமையான செடியும் இப்படித்தான் அழியும் என்பதைப் படிப்பவர்கள் உறுதியாக நம்புவார்கள், அம்மா.

நிலா: நன்றி, பெரியப்பா. அண்ணா, பெண் செடிகள் எஞ்சியுள்ள இடமாகத் தெற்குச் சரிவின் பாறை விளிம்பை மட்டும் குறித்துவிடுங்கள். ஆண் செடிகளின் மகரந்தத்தைக் காற்று பெண் செடிகளிடம் கொண்டுவர வேண்டும் என்பதால், காற்றின் அம்புக்குறியையும் அந்த விளிம்பின் பக்கமாகவே திருப்பிவிடுங்கள்.