புதுப்பிப்பு: தனியாகப் போன எனக்கு ஸ்கூபா துணை கிடைத்துவிட்டது

"குளிர்காலத்தில் தனியாக எகிப்துக்குப் போகிறேன். செங்கடலில் சேர்ந்து முக்குளிக்கத் துணையை எப்படித் தேடுவது?" என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றுதான் அங்கே கடற்கரை ஊரான தஹாபிலிருந்து திரும்பினேன்.

புறப்படும் முன்பே ஆளை உறுதிசெய்ய முயன்றது பலிக்கவில்லை. இணையத்தில் பேசிவைத்த இருவருமே தேதி நெருங்கியதும் விலகிவிட்டார்கள். உங்களில் ஒருவர் சொன்னபடி, முதல் நாள் டைவ் மைய வழிகாட்டியுடன் ஆழமில்லாத இடத்தில் இறங்கிப் பார்க்கும் குழுவில் சேர்ந்துகொண்டேன். அங்கேதான் துணை அமைந்தது. என்னைப் போலவே தனியாக வந்திருந்த ஒரு பெண்மணி, நான் கேட்காமலேயே என் எடை பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்தார். அவசரத்துக்கு வைத்திருக்கும் என் மாற்று ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் வாய்க்கருவி) இரண்டு முறை மூச்சிழுத்தார். பிறகு தன் கருவிகளைச் சரிபார்க்கும்படி என் பக்கம் திரும்பி நின்றார். இவரை நம்பி இறங்கலாம் என்று அந்த நிமிடமே தோன்றியது. எத்தனை முறை முக்குளித்தவர் என்பதைவிட இனி இதைத்தான் பார்ப்பேன்.

18 மீட்டருக்குக் கீழே போவதில்லை, சிலிண்டரில் காற்றழுத்தம் 100 பாருக்குக் குறைந்ததும் திரும்புவது, பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே வருவது என்று கரையிலேயே பேசிக்கொண்டோம். தண்ணீர் 22 டிகிரி. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முக்குளிப்பு உடையிலும் 40ஆவது நிமிடத்தில் அவருக்கு நடுக்கம் கண்டது. கைகளைக் கட்டித் தோள்களைத் தேய்த்துக் காட்டினார், உடனே திரும்பினோம்.

விமானத்துக்கு முந்தைய 18 மணி நேரத்தை முக்குளிக்காமல் விட்டுவைக்க மறந்துவிடாதீர்கள். துணையிடம் அவருடைய விமான நேரத்தையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.