நேவி ப்ளூ "ஃபாஸ்ட்"டான்னு கேட்டதுக்கு "வியாழக்கிழமை லோடு ஏத்தறோம்"னு பதில் போயிருச்சுங்க. இந்த வார்த்தைக்கு உள்ளபடி என்னதான் அர்த்தம்?

கேட்டவர்: செக்கிங்_டேபிள்

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில 11 வருசமா தரம் பாக்கற வேலை. இங்கிலீசு எனக்குத் தொழிலுக்குப் போதுமான அளவுக்கு வரும், அவ்வளவுதான்.

போன வாரம் எங்க சரக்கை வாங்கற பையர்கிட்ட இருந்து ஒத்தை வரி மெயில். "இஸ் த நேவி ஃபாஸ்ட்? ப்ளீஸ் கன்ஃபர்ம்." எங்க மெர்ச்சண்டைசர் பையன் வேலைக்குச் சேந்து மூணு மாசம்தான் ஆகுது, நல்ல பையன். அவசரப்படுத்தறாங்கன்னு நெனச்சுட்டு, "எஸ் சார், வெரி ஃபாஸ்ட், தர்ஸ்டே டிஸ்பேட்ச்"னு அடிச்சு விட்டுட்டான். அவங்க கேட்டது சாயம் நிக்குமா, போகுமான்னு. அன்னிக்கு லேப் ரிப்போர்ட் என் டேபிள்ல கெடக்குது: வெட் ரப்பிங்ல அஞ்சுக்கு 2-3. வெள்ளைத் துணிய நனைச்சுத் தேச்சா நீலமா அப்பிட்டு வருது. அவங்க கேக்கறது கொறஞ்சது 3. நல்லவேளை, லோடு ஏறல.

அவனைத் திட்டவும் மனசு வரலீங்க. "ஃபாஸ்ட்டுன்னா வேகம்தானுங்களேண்ணா"ங்கறான். தப்பா சொன்னான்? அன்னிக்கு ராத்திரி ஆறாவது படிக்கற எம்பொண்ணு பாடப் புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து, "ஃபாஸ்ட் அஸ்லீப்னா வேகமாத் தூங்கறதாப்பா?"ன்னு கேட்டுது. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அடுத்த நாள் லேப்ல நிமிந்து பாத்தா, கடிகாரம் பத்து நிமிசம் ஃபாஸ்ட்.

ஓடறதுக்கும் அதே வார்த்தை, ஓடாம நிக்கறதுக்கும் அதே வார்த்தைன்னா எப்படிங்க? ரெண்டும் வேற வேற வார்த்தைங்க எங்கயோ வந்து ஒண்ணாச் சேந்துக்கிச்சா? பசங்களுக்குப் புரியற மாதிரி போர்டுல எழுதிப் போடணும், அதுக்குத்தான் கேக்கறேன்.

பதில் 1: சாக்பீஸ்

முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவன், ஓய்வு பெற்றாயிற்று. இப்படி ஒரு கேள்வியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

வேறு வேறு வார்த்தைகள் இல்லை ஐயா, ஒரே வார்த்தைதான். உங்கள் பையர் சொன்னதுதான் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதி, அசையாமை என்று மட்டுமே அர்த்தம். வேகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சீட் பெல்ட்டை "ஃபாஸன்" செய்யச் சொல்கிறார்களே, அது இந்த வீட்டுப் பிள்ளைதான். "ஸ்டெட்ஃபாஸ்ட்" இன்னொரு பிள்ளை. உங்கள் மகள் கேட்டதும் அதே கணக்கு: கட்டிப்போட்டது போல அசையாத தூக்கம்.

வேகம் எப்படி உள்ளே நுழைந்தது? "உறுதியாகப் பிடி", "உறுதியாக அடி" என்று வினையோடு சேர்த்துச் சொல்லச் சொல்ல, அது "பலங்கொண்ட மட்டும்" என்று ஆயிற்று. பலங்கொண்ட மட்டும் பிடித்தால் பிடி இறுகும். பலங்கொண்ட மட்டும் ஓடினால்? வேகம்தான். பஸ்ஸில் பின்னாலிருந்து "நல்லா அழுத்துங்கண்ணே" என்று டிரைவருக்குக் குரல் கொடுக்கிறோமே, அழுத்துவதற்கும் வேகத்துக்கும் அகராதியில் என்ன உறவு? ஆனாலும் வண்டியில் இருக்கிற எல்லாருக்கும் புரிகிறது.

வேகம் நிலைத்தது, பழைய உறுதியும் போகவில்லை. அதனால்தான் ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. "போல்ட்" கூட இந்த ரகம்தான்: கதவுக்குத் தாழ்ப்பாளும் அதுவே, குதிரை மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடுவதும் அதுவே.

ஒரு உபகதை. கூச்சத்தைக் காட்டும் "ஷேம்ஃபேஸ்ட்" என்ற சொல்லில் உள்ள "ஃபேஸ்" முகமே இல்லை. அது முதலில் "ஷேம்ஃபாஸ்ட்". நாணத்தால் கட்டுண்டவர் என்று பொருள். பழைய அர்த்தம் மறந்துபோன ஜனங்கள் அதை முகமாக்கிவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும்.

பதில் 2: ஊர்க்குருவி

அப்ப ஃபாஸ்ட் ஃபுட்டுன்னா சாப்பிட்டதும் வயித்துல அசையாம நிக்கற ஐட்டம். சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க.

பதில் 3: பட்டறை_நீலம்

நமக்கு சாயப்பட்டறை. வார்த்தையப் பத்தி வாத்தியார் சொல்லட்டும், அந்த 2-3 ஏன் வந்துச்சுன்னு நான் சொல்றேன்.

காட்டன்ல ரியாக்டிவ் சாயம் நூலோடவே வேதியியல் கட்டுப் போட்டுக்கும். அப்படிக் கட்டுன சாயம் லேசுல போகாது. ஆனா சாயத் தொட்டில ஒரு பங்கு சாயம் நூலை விட்டுட்டுத் தண்ணியோட சேந்துக்கும். அது கட்டாது, சும்மா துணிக்குள்ள உக்காந்திருக்கும். கொதிக்கற தண்ணில சோப்பிங் போட்டு அதை வெளிய எடுக்கணும். நேவி, கருப்பு, மெரூன் மாதிரி அடர் ஷேடுன்னா சாயமும் நெறைய, தங்கற கசடும் நெறைய. ஒரு வாஷ் மிச்சம் புடிச்சா உங்க டேபிள்ல நீலமா அப்பும்.

அந்த வாஷை ஏன் மிச்சம் புடிக்கறாங்க? "ஃபாஸ்ட்டா முடிச்சுக் குடுங்க"ன்னு போன் மேல போன் வர்றதாலதான். உங்க பையன் மெயில்ல எழுதுன ஃபாஸ்ட்தான் எங்க பட்டறைல வந்து மத்த ஃபாஸ்ட்டைக் காலி பண்ணுது. கோவிச்சுக்காதீங்க. லாட்டைத் திருப்பி அனுப்புங்க, ரெண்டு சோப்பிங் போட்டா 3 வந்துரும்.

பதில் 4: ஏட்டுச்சுவடி

ஆங்கிலத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் தொல்காப்பியத்தின் உரியியலை ஒருமுறை புரட்டலாம். "கடி" என்ற ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருளை வரிசையாக அடுக்கியிருக்கிறார். அந்தப் பத்தில் விரைவும் உண்டு, காப்பும் உண்டு. அதாவது வேகமும் அங்கேதான், பெயரவிடாமல் காத்து நிற்பதும் அங்கேதான். பிற கூர்மை, புதுமை, அச்சம் என்று போகின்றன. போதாதென்று அடுத்த நூற்பாவில் ஐயம், கரிப்பு என இரண்டைக் கூட்டி வைக்கிறார். பகைவன் வெட்டிவிடாதபடி அரசர்கள் காத்த மரம் கடிமரம் ஆனது இந்தக் காப்புப் பொருளில்தான்.

இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது நாய்க்கடியும் கடி ஜோக்கும் (பதில் 2-ஐப் பார்க்கவும்).

பதில் 5: கீழக்கரை_காற்று

எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. பட்டினி கிடக்குறதும் ஃபாஸ்ட்தானே?

எங்க வீட்டுல நோன்பு "பிடிக்குறது"ன்னுதான் சொல்லுவோம். "இன்னைக்கி நோன்பு பிடிச்சிருக்கியா?"ன்னு உம்மா கேப்பாங்க. சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில போட்டு நோன்பு "திறப்போம்", பிறகு கஞ்சி. எட்டு வயசுல முதல் நோன்பு பிடிச்ச அன்னைக்கி சாயங்கால அஸர் தொழுகைக்கு மேல ஒவ்வொரு நிமிசமா எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிக்குறதுன்னா என்னன்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சது. இங்கிலீஷ்காரன் பிரேக்ஃபாஸ்ட்ல உடைக்குறான், நாங்க திறக்குறோம். பிடிக்குறது ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல இருக்கே, இது சும்மா அமைஞ்சதா?

பதில் 6: சாக்பீஸ்

சும்மா அமைந்ததில்லை. பட்டினிக்கும் அதே வேர்தான். ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட உறவான காத்திக் மொழியில் 4-ம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பு கிடைத்திருக்கிறது. அதில் "ஃபாஸ்டன்" என்றால் காத்துக்கொள், கைக்கொள். நோன்பு இரு என்பதும் அதுவே. கட்டளையை விடாமல் பிடிப்பது, அப்புறம் வயிற்றைப் பிடிப்பது. உங்கள் உம்மா சொன்ன "பிடி" அந்த மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். முப்பது வருடத்தில் இது எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 7: பட்டறை_நீலம்

சாயம் போறதையே விளம்பரம் பண்ணி வித்த கதையும் இருக்கு. மெட்ராஸ் செக்டுங்கற கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போய், அங்க தொவைச்சதும் சாயம் ஒண்ணோட ஒண்ணு கலந்துருச்சு. மொதல்ல ஒரே புகாரு. அப்பறம் "சாயம் போகும், அதுக்கு நாங்க கேரண்டி"ன்னு விளம்பரம் குடுத்து, தொவைக்கத் தொவைக்கப் புதுசாத் தெரியற சட்டைன்னு வித்துட்டாங்க. 1960-கள்ல காலேஜ் பசங்க தேடிப்போய் வாங்குனது அது. உங்க பையனை மறுபடியும் மெயில் எழுத வுடறதா இருந்தா இதைப் படிக்கக் குடுங்க.

பதில் 8: செக்கிங்_டேபிள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லாட் பட்டறைக்குத் திரும்பிப் போய் வந்துருச்சு, வெட் ரப்பிங் 3. பையன்தான் எம்முன்னால நின்னு, நனைச்ச வெள்ளத் துணில பத்துத் தடவை தேய்க்கறதைப் பாத்தான். கறையை ஒப்பிட்டு மார்க் போடற கிரே ஸ்கேலைப் பக்கத்துல வச்சுக் கண்ணைச் சுருக்கிட்டு, "மூணுதானுங்களே?"ன்னு எங்கிட்டயே கேட்டான்.

கீழக்கரைக்காரர் சொன்ன "பிடி"யை ராத்திரி பூரா யோசிச்சுட்டே இருந்தேனுங்க. நாம சாயம் புடிக்குதுன்னுதான் சொல்றோம். நோன்பு புடிக்கறாங்க. வண்டி வேகம் புடிக்குது. திருடன் ஓட்டம் புடிக்கறான். சாயம், பட்டினி, வேகம்னு அந்த வார்த்தை போற எடத்துக்கெல்லாம் நம்ம "பிடி"யும் பின்னாலயே போகுது! போர்டுல இதையே எழுதிட்டேன்: "பையர் ஃபாஸ்ட்டான்னு கேட்டா, சாயம் புடிச்சு நிக்குதான்னு கேக்கறாங்க. லோடு எப்பன்னு இல்ல." கீழ பொண்ணு சாக்பீஸ்ல தூங்கற நாய் படம் ஒண்ணு போட்டு வச்சிருக்குது.

ரிப்போர்ட்டை அனுப்பிச்சதுக்கு இன்னிக்குக் காலைல பதில் வந்துச்சு: "த நேவி இஸ் ஃபைன்." பையன் இப்ப உஷாராயிட்டானுங்க. போனைத் தூக்கிட்டு ஓடி வந்து, "அண்ணா, ஃபைன்னா நல்லா இருக்குதுங்கறாங்களா, அபராதம் போடறாங்களா?"ங்கறான்.