சின்ன ஃப்ரேம், 29 இன்ச் வீல்: சீட்டுக்குக் கீழே இடமே இல்லை, சாமானை எங்கே கட்டுறது?

குட்டிச்சட்டம்

என் சைக்கிள் எக்ஸ்எஸ் (ரொம்பச் சின்ன) சைஸ் ஹார்டுடெயில், அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன். 29 இன்ச் வீல், 2.35 டயர், முன்னாடி 100 மி.மீ. டிராவல் (அமுங்குற தூரம்) ஃபோர்க், 100 மி.மீ. டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏத்தி இறக்குற சீட்போஸ்ட்). நாலஞ்சு நாள் கூடாரத்தோட போற அளவுக்குச் சாமான் ஏத்தணும்.

அளந்து வெச்சிருக்கேன்:

சேடில் ரெயில்ல (சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பி) இருந்து நேர் கீழே பின் டயர் வரைக்கும் 17 செ.மீ. டிராப்பரை இறக்கினா 7.
ஹேண்டில்பார் அடியில இருந்து முன் டயர் வரைக்கும் 24 செ.மீ.
ஃப்ரேம் முக்கோணத்தோட உள்பக்கம் நீளம் 38, உயரம் 24 செ.மீ.
ரேக் மாட்ட ஃப்ரேம்ல ஓட்டை எதுவும் இல்லை. பின்னாடி 148 மி.மீ. த்ரூ ஆக்சில் (வீல் நடுவுல ஊடுருவிப் போற அச்சுத் தண்டு).

ஏத்த வேண்டியது: கூடாரம் (கம்பி மடிச்சா 45 செ.மீ.), ஸ்லீப்பிங் பேக், மேட், ஸ்டவ், கொஞ்சம் துணி, டூல்ஸ், சாப்பாடு, 3 லிட்டர் தண்ணி.

பார்க்கிற செட்டப் எல்லாத்துலயும் 14, 16 லிட்டர் சேடில் பேக்தான் தொங்குது. 17 செ.மீ.ல அது நிக்குமா? டிராப்பரைக் கழட்ட மனசில்லை.

---

அச்சாணி

நிக்காது. அந்த 17 உங்களுக்கு உதவாத அளவு. ரெயிலுக்கு நேர் கீழே டயர் வளைஞ்சு இறங்கிட்டிருக்கும், அதனால இடைவெளி தாராளமாத் தெரியும். டயரோட உச்சி இருக்கிறது ஆக்சிலுக்கு நேர் மேலே, அதாவது ரெயிலோட பின்முனையில இருந்து ஏறக்குறைய 20 செ.மீ. பின்னாடி. ரெயில் மட்டத்துல ஒரு நேர் குச்சியைப் படுக்கையா நீட்டி, ஆக்சிலுக்கு மேலே குச்சிக்கும் டயருக்கும் நடுவுல அளந்து பாருங்க. இந்த சைஸ் 29 இன்ச் ஹார்டுடெயில்ல 12 செ.மீ. பக்கம் வரும். பெரிய சேடில் பேக்கோட வயிறு தொங்குற இடமும் அதேதான்.

ஹார்டுடெயில்ங்கிறதால பின் வீல் சேடிலை நோக்கி ஏறி வராது. ஆனா பை இறங்கும். ஸ்ட்ராப் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டத்துல உள்ள இருக்கிறது அமுங்கி, வால் 3, 4 செ.மீ. தாழும். அதைக் கழிச்சா கையில 8 செ.மீ. மிச்சம். டிராப்பரை இறக்கின நிலையில குச்சிக்கும் டயருக்கும் 2 செ.மீ.தான் இருக்கும், கழிக்கக்கூட ஒண்ணுமில்லை. கரடுமுரடான இறக்கத்துல சுத்துற டயர் பையோட அடித்துணியை ரொம்ப சீக்கிரம் தேய்ச்சு ஓட்டை போட்டுடும்.

டிராப்பர் வேணும்னா சேடில்ல எதையும் தொங்கவிடாதீங்க. ஆக்சில்ல மாட்டுற ரேக்குக்குப் போங்க. ஓல்ட் மேன் மவுண்டன் ரேக்குகள் இந்த வகை: இருக்கிற த்ரூ ஆக்சிலை எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கிற வேற ஆக்சிலைப் போட்டு, அதுல ரேக் கால் உட்காரும். சுமை ஆக்சில் மேல இறங்கும், ஃப்ரேம்ல ஓட்டை தேவையில்லை.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பார்க்கணும். முதல்ல ஆக்சிலோட மரை. 12 மி.மீ. ஆக்சில்லயே மரை இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ.ன்னு மூணு விதம் உண்டு. பல ஆக்சில்ல தண்டு மேலயே எழுதியிருக்கும். தப்பான மரையைப் பலவந்தமா முறுக்கினா ஃப்ரேம் பக்கத்து மரை போயிடும். ரெண்டாவது மேல்பிடி. சீட்ஸ்டேல (சீட்டுக்கடியில இருந்து பின் ஆக்சிலுக்கு இறங்குற குழாய்) ஓட்டை இல்லாததால, ரெண்டு பக்கமும் எம்5 (5 மி.மீ.) மரை உள்ள சீட் காலர் (சீட்போஸ்ட்டை இறுக்குற வளையம்) ஒண்ணு வாங்கி இப்ப இருக்கிறதுக்குப் பதிலா போடலாம். கார்பன் ஃப்ரேம்னா சீட்ஸ்டே குழாயில எந்த கிளாம்ப்பையும் இறுக்காதீங்க.

ரேக் மேல உயரமா அடுக்க வேண்டாம், இறங்கி வர்ற சேடில் அதுல இடிக்கும். சின்ன பன்னியர் (ரேக் பக்கத்துல தொங்குற பை) ரெண்டு, பக்கத்துக்கு 6, 7 லிட்டர். டயருக்கு மேல இடம் இருக்கா இல்லையாங்கிற கவலையே போயிடும். செயின்ஸ்டே (பெடல் அச்சுல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற குழாய்) 43 செ.மீ. பக்கம்னா குதிகால் பைல படலாம், அதனால பன்னியர் கொக்கியை ரேக்ல எவ்வளவு பின்னாடி தள்ள முடியுமோ தள்ளுங்க. பாதமும் கிராங்க்கும் (பெடல் மாட்டின தண்டு) சின்னதா இருக்கிறவங்களுக்கு இங்கே மட்டும் ஒரு லாபம்.

---

மண்பாதை

முன்பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

24 செ.மீ. என்பது ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அளவு. முழு டிராவலும் அமுங்கினால் 10 போய் 14. அதில் 2 செ.மீ. பாதுகாப்புக்கு விட்டால் 12. பாருக்கு (ஹேண்டில்பார்) நேர் கீழே தொங்கும் ரோலின் (சுருட்டிக் கட்டும் உருளைப் பை) விட்டம் 12 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அந்தத் தடிமனில் 45 செ.மீ. நீளம் இருந்தால் கொள்ளளவு 5 லிட்டரை ஒட்டி வரும். கூடாரத் துணியும் கம்பியும் மட்டும் போகும். ஸ்லீப்பிங் பேக்கையும் அதற்குள் திணித்தால் விட்டம் 15, 16 ஆகிவிடும். முதல் பெரிய பள்ளத்தில் டயர் பையைப் பிடிக்கும். முன் சக்கரம் பையைக் கவ்வினால் வண்டி அங்கேயே நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால் பையை பாருக்குக் கீழே விடாமல், விறைப்பான தொட்டில் வகை ஹார்னஸ் வைத்து பாருக்கு முன்னால் நிறுத்துங்கள். வெறும் ஸ்ட்ராப்பில் கட்டியது சுழன்று கீழே வரும், தொட்டிலில் வைத்தது வராது. ஸ்டெம்மை (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) தலைகீழாகத் திருப்பி மேல்நோக்கிப் போட்டாலும் இடைவெளி கூடும். 30 மி.மீ. ரைஸ் (நடுவைவிடப் பிடிகள் உயர்ந்திருக்கும் அளவு) உள்ள பார் போட்டால் அந்த 30 மி.மீ. அப்படியே கிடைக்கும், பிரேக் ஹோஸின் நீளம் அதற்குப் போதுமா என்று பாரை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சின்ன ஃப்ரேமில் ஹெட் டியூபும் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) குட்டை. கேபிள், ஹோஸ் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். பையை அதன்மேல் அழுத்திக் கட்டினால் ஹோஸ் மடிந்து, ஸ்டீயரிங்கும் கனக்கும். பாருக்கும் பைக்கும் நடுவே 2 அல்லது 3 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் துண்டுகளை வைத்து இறுக்குங்கள். ஹெட் டியூபில் பெயிண்ட் காப்பு ஃபிலிம் ஒட்டுவது அரை மணி நேர வேலை, தள்ளிப்போட வேண்டாம்.

ஃபோர்க் காலில் கேஜ் (பையோ பாட்டிலோ பிடிக்கும் கூடு) வைக்கும் யோசனை அடுத்து வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்காலில் மாட்டிய பை, ஃபோர்க் அமுங்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து 10 செ.மீ. மேலே ஏறும். டயரோடு உள்ள இடைவெளி மாறாது, ஆனால் பையின் தலை ஹேண்டில்பார் ரோலின் முனையில் போய் முட்டும். ரோலைக் குறுக்க வேண்டும், அல்லது கேஜை 10 செ.மீ.க்கு மேல் தாழ்த்தி மாட்ட வேண்டும். ஃபோர்க் தயாரிப்பாளர் கிளாம்ப்பை அனுமதிக்கிறாரா என்று மேனுவலில் பார்த்த பிறகே தொடங்குங்கள். அனுமதி உண்டென்றால்: பழைய இன்னர் டியூப் ஒரு சுற்று, அதன்மேல் கேஜ், மேலும் கீழும் ஹோஸ் கிளாம்ப், திருகின் தலை சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி. வழவழப்பான மேல்காலில் எதுவும் படக் கூடாது. ஒரு பக்கத்துக்கு 1 கிலோவோடு நிறுத்திக்கொள்வது என் கணக்கு. சக்கரத்தோடு ஆடும் எடை கூடினால் ஃபோர்க் மந்தமாகும்.

---

சாதாபோஸ்ட்

ரேக், பன்னியர், ஸ்பெஷல் ஆக்சில்... இதெல்லாம் எதுக்கு? டிராப்பரைக் கழட்டி வெச்சுட்டு அதே விட்டத்துல ஒரு சாதா சீட்போஸ்ட் போட்டாலே பாதிப் பிரச்சனை தீரும். எடையும் குறையும். டிராப்பர்ல சேடில் பேக் கட்டுறவங்க வழக்கமா செய்யிற தப்பு, பளபளன்னு இருக்கிற உள்குழாய்ல ஸ்ட்ராப்பைச் சுத்துறது. ஸ்ட்ராப்புல ஒட்டின மணல் குழாயைக் கீறி, சீலைத் தின்னுடும். வுல்ஃப் டூத் வாலே மாதிரி அதுக்குன்னே ஒரு காலர் கிளாம்ப் உண்டு, ஆனா அது குழாயைத்தான் காப்பாத்தும். இடைவெளியை ஒரு மி.மீ. கூட கூட்டாது.

சாதா போஸ்ட்ல 5, 6 லிட்டர் கூம்பு வடிவ பேக் போட்டு வாலை 20 டிகிரி மேலே தூக்கிக் கட்டுங்க. ரெயில்ல இருந்து 20 செ.மீ. பின்னாடி அது 7 செ.மீ. கூடுதல் இடம் தரும். ஆக்சிலுக்கு மேலே 12 இருந்தது 19 ஆயிடும். இந்தக் கணக்கு பை விறைப்பா நின்னாத்தான் செல்லும். சீட்போஸ்ட்டை ஒட்டின முதல் 10 செ.மீ.ல கல்லு மாதிரி இறுகிற சாமானை அடைக்கணும்: மழை கோட்டு, மடிச்ச துணி. மேல் ஸ்ட்ராப்பை ரெயில்ல இறுக்கின பிறகு காத்தை வெளியேத்தி வாயைச் சுருட்டுங்க. புஸ்ஸுன்னு இருக்கிற ஜாக்கெட்டை அந்த முனையில வெச்சா பை இடுப்பு ஒடிஞ்ச மாதிரி தொங்கி, ஒவ்வொரு மிதிக்கும் ஆடும்.

அப்புறம், பையைப் பெருசாக்குறதை விட சாமானைச் சின்னதாக்குறது லேசு. 45 செ.மீ. கம்பிக்குப் பதிலா 30 செ.மீ.க்கு மடியிற கம்பி, ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதிலா குயில்ட் (அடிப்பக்கம் இல்லாத போர்வை), ஃபோம் மேட்டுக்குப் பதிலா காத்தடிக்கிறது.

---

அச்சாணி

பாதை சமதளம்னா சாதாபோஸ்ட் சொல்றதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா குட்டையானவங்களுக்கு டிராப்பர் இறக்கத்துக்கு மட்டும் இல்லை. பின்னாடி சுமை தூக்கி நிக்கும்போது காலை வீசி ஏறவே முடியாது. சேடிலை இறக்கி, டாப் டியூப் (ஃப்ரேமோட மேல்குழாய்) மேலே காலைப் போட்டுத்தான் ஏறணும். அதைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஏத்தின வண்டியில ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லணும்.

---

வளைபிடி

இதோட சேர்த்தே கேட்டுடறேன். எக்ஸ்எஸ் கிராவல் பைக் (சரளைப் பாதைக்கான சைக்கிள்), சஸ்பென்ஷன் இல்லை, 700சி x 40 (வீல் சைஸ், டயர் அகலம் மி.மீ.ல), டிராப் பார் 38 செ.மீ. திருப்பும்போது ஷூ முனை டயர்ல படுது. ஃபோர்க்ல மூணு போல்ட் ஓட்டை இருக்கு. அதைவிடச் சின்ன 650பி வீல் மாத்தினா பை வைக்க இடம் கிடைக்குமா?

---

மண்பாதை

கிடைக்கும், எதிர்பார்க்கும் அளவுக்குக் கிடைக்காது. 700சி x 40 டயரின் ஆரம் 351 மி.மீ., 650பி x 47 டயரின் ஆரம் 339. ஆக, 12 மி.மீ. ஷூ முனை படுவதற்கு அது நல்ல மாற்றம். சேடில் பேக்குக்காக மட்டும் ஒரு வீல்செட் வாங்குவது வீண். கிராங்க்கும் அதே 12 மி.மீ. தாழும், கல் பாதையில் பெடல் தரையில் தட்டும். டிஸ்க் பிரேக் இருந்தால்தான் இந்த மாற்றமே சாத்தியம், 47 மி.மீ. அகலம் செயின்ஸ்டேக்கு நடுவே நுழையுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

38 செ.மீ. பாரில் லீவர்களுக்கும் விரல்களுக்கும் இடம் விட்டால் ரோலுக்கு 30 செ.மீ. நீளம்தான் மிஞ்சும். உங்கள் ஃபோர்க் அமுங்காது என்பதால் தடிமனைக் கூட்டலாம்: 16 செ.மீ. விட்டம், 30 நீளம் என்றால் 6 லிட்டர். ஃபோர்க் பைகளை நேர் பக்கவாட்டில் வைக்காமல் கேஜைச் சற்று முன்னோக்கித் திருப்பி மாட்டுங்கள். பின்னோக்கி வீங்கினால் டயருக்கு முன்பே ஷூ பையில் இடிக்கும்.

---

குட்டிச்சட்டம்

குச்சி வெச்சு அளந்தேன், 11.5 செ.மீ. ஃப்ரேம் அலுமினியம்தான். அப்போ ஆக்சில் ரேக், சின்ன பன்னியர் ரெண்டு, முன்னாடி 12 செ.மீ. ரோல். தண்ணி 3 லிட்டரை எங்கே வைக்கிறது? முக்கோணத்துல முழு பை போட்டா பாட்டில் போகாது.

---

அச்சாணி

பாட்டிலை முக்கோணத்தை விட்டு வெளியே எடுங்க. 38 x 24 முக்கோணம், 6 செ.மீ. அகலம்னு வெச்சா கணக்குல 2.7 லிட்டர் வரும், மூலை எல்லாம் வீணாப் போறதால உண்மையில 2.3 கிடைக்கும். அதுக்கு மேல அகலப்படுத்தினா முழங்கால் உரசும். அட்டையை முக்கோணத்துக்குள்ள வெட்டிப் பொருத்தி, ஓரம் முழுக்க 5 மி.மீ. குறைச்சுத் தையல்காரர்கிட்டக் கொடுத்தா ரெடிமேட் பையை விட நல்லா உட்காரும். அடியில 1.5 லிட்டர் தண்ணிப் பை, மேலே டூல்ஸ். மிச்ச 1.5 லிட்டர் ரெண்டு பன்னியர்லயும் முக்கால் முக்கால். டவுன் டியூபுக்கு (முன்னாடி இருந்து பெடல் பக்கம் சாய்ஞ்சு இறங்குற குழாய்) அடியில பாட்டில் கேஜ் போட ஆசை வரும். சின்ன ஃப்ரேம்ல ஃபோர்க் அமுங்கும்போது முன் டயர் அங்கே வரும், அளக்காம போடாதீங்க.

கனமானது எல்லாம் பன்னியர் அடியிலயும் முக்கோணத்துலயும். ஸ்லீப்பிங் பேக் ஒரு பன்னியரை முழுசா எடுத்துக்கும், அதனால ஸ்டவ்வும் சாப்பாடும் எதிர்ப்பக்கம். ரெண்டு பக்க எடைக்கும் அரை கிலோவுக்கு மேல வித்தியாசம் வேண்டாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. எல்லாத்தையும் ஏத்தி, ஃபோர்க் காத்தழுத்தத்தைக் குறிச்சு வெச்சுட்டுக் காத்தை முழுக்க இறக்குங்க. பாரை அமுக்கி ஃபோர்க்கை அடி வரைக்கும் கொண்டு போய், ரோலுக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையுதான்னு பாருங்க, பாரை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்க. காத்தைத் திரும்ப அடிச்சு, முன் டயர் உச்சியில சாக்பீஸை நல்லா பூசிட்டு பத்து நிமிஷம் கரடு பாதையில ஓட்டுங்க. பை அடியில வெள்ளைக் கோடு விழுந்திருந்தா ரோலைப் பிரிச்சு மறுபடி சின்னதாச் சுருட்டணும். பின்னாடி டிராப்பரை முழுக்க இறக்கி உட்கார்ந்து, சேடில் ரெயில் எதுலயாவது இடிக்குதான்னு பாருங்க. ரேக் போல்ட் எல்லாத்துக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு, முதல் நாள் ராத்திரி ஒரு தடவை ஆலன் கீ போட்டுச் சரிபாருங்க. புதுசா மாட்டின ரேக்ல முதல்ல இளகுறது சீட் காலர் பக்கத்து போல்ட்தான்.